ஏரிக்கரையில் ஒரு வேட்டை மாளிகை



கம்பம் பள்ளத்தாக்கிலே பிறந்த நமக்குப் பெரியாறு என்றால் தண்ணீர். 1895-இல் பொறியாளர் பென்னிகுயிக் அதன் குறுக்கே அணையைக் கட்டி முடித்தார். நம் வயல் இருபோகம் கண்டது. அந்த அணை தேக்கிய ஏரியின் கரையில்தான் இடப்பாளையம் மாளிகை இருக்கிறது. திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் பாலராம வர்மா வேட்டைக்கும் கோடை ஓய்வுக்கும் வந்து தங்கிய வீடு.

தேக்கடித் துறையில் படகேறித்தான் அங்கே போக வேண்டும். போகிற வழியெல்லாம் தண்ணீருக்குள் மொட்டை மரங்கள் கறுத்து நிற்கும். அணை நிரம்பியபோது மூழ்கிய காடு அது. நூறு வருஷம் தாண்டியும் விழவில்லை. அதன் உச்சியிலே நீர்க்காகம் இறக்கையை விரித்து வெயில் காயும்.

மலையில் தேயிலைத் தோட்டங்கள் பெருகிவந்த காலத்தில், 1934-இல், அந்த ஏரியைச் சுற்றிய காட்டை நெல்லிக்காம்பட்டி சரணாலயமாக அறிவித்தார் மகாராஜா. அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். 1978-இல் அது புலிகள் காப்பகமானது. மாளிகை கேரளச் சுற்றுலாக் கழகத்தின் விடுதியாயிற்று. பணம் கட்டினால் நீங்களும் நானும் தங்கலாம்.

ஆனால் பெரியோர்களே, ராஜா அங்கே விருந்தாளி. காடே வீடாக வாழ்ந்தவர்கள் மன்னான்களும் பளியர்களும். அவர்களைக் காட்டுக்கு வெளியே கொண்டுவந்து குமுளிப் பக்கம் குடியமர்த்தினார்கள். வந்துபோனவர் வீட்டைப் போற்றினோம், இருந்தவர்களை எழுப்பிவிட்டோம். இது நியாயமா?

காடு தெரிந்தவன் இல்லாமல் காட்டைக் காக்க முடியாது என்று பிறகுதான் புரிந்தது. 1990-களின் கடைசியில், திருட்டுத்தனமாக வயனா என்னும் காட்டு இலவங்கப் பட்டை உரித்து விற்றவர்களையே வனத்துறை அழைத்துப் பேசியது. வழக்குக்குப் பயந்து ஒளிந்து திரிந்தவர்கள் காவலர்களானார்கள். பட்டைக்காக அலைந்த அதே தடத்தில் இன்று ரோந்து போகிறார்கள். மன்னான், பளியர் இளைஞர்களும் வழிகாட்டிகளாக உள்ளே நடக்கிறார்கள்.

தேக்கடிக்குப் போகிற நம் ஊர்க்காரர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பாதீர்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரோடு அரைநாள் நடங்கள். "தம்பி, உங்க தாத்தா எந்தப் பக்கம் குடியிருந்தார்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி எடுத்துவரும்படி உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நம் ஊர் நூலகத்தில் வைப்போம்.