கணிப்பொறிக்குள் தமிழெழுத்து



பெரியபுராணம் மணமேற்குடி என்று போற்றும் ஊர் இந்த மணமேல்குடி. நின்றசீர் நெடுமாறனின் அமைச்சராய் விளங்கிய குலச்சிறை நாயனார் பிறந்த மண் இது. சம்பந்தர் நெருப்பில் இட்ட ஏடு பச்சையாகவே இருந்தது என்பதும், வைகையில் இட்ட ஏடு நீரை எதிர்த்துச் சென்றது என்பதும் இங்குள்ள சிறுவரும் அறிந்த வரலாறு. எதிரேறிச் சென்ற அவ்வேட்டைக் குதிரைமேல் தொடர்ந்து போய்த் திருவேடகத்தில் எடுத்து வந்தவர் குலச்சிறையார். பாடியவர் ஒருவர், பாட்டை மீட்டுக் கொணர்ந்தவர் மற்றொருவர். இலக்கிய வரலாறு முதலாமவரைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறது. இன்றைய பேச்சு இரண்டாமவரின் வேலையைப் பற்றியது.

பனையேட்டுக்கு நெருப்பும் நீரும் கறையானும் பகை. கணிப்பொறியில் எழுதப்பெற்ற கவிதைக்குப் பகை எது? கருவியைச் செய்த நிறுவனம் அதைக் கைவிட்டு வேறொன்றைச் செய்யத் தொடங்குவதே அதற்குப் பெரும்பகை. ஏடு செல்லரித்தால் அரித்த இடமாவது கண்ணுக்குத் தெரியும். கணிப்பொறிக் கோப்பு அழியாமல் முழுமையாக இருந்தும், படிக்க முடியாமற் போவதுண்டு. தமிழுக்கு இது நேர்ந்தது, இன்னும் நேர்ந்துகொண்டிருக்கிறது.

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் குறித்து வைத்தே அது வேலை செய்கிறது. தொடக்கக் காலத்தில் புழங்கிய முறையில் மொத்தம் 256 இடங்கள். அவற்றில் முதல் 128 இடங்களை ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் பிடித்துக்கொண்டன. எஞ்சியவை 128. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகள். பெரிய குடும்பத்தைச் சிறிய வீட்டில் குடியமர்த்த வேண்டிய நிலை. ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியபடி துணைக்காலையும் கொம்பையும் பிரித்து, கிடைத்த இடத்தில் எழுத்துகளை அடுக்கினர்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிப் புணேயிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் அட்டை இந்திய எழுத்துகளுக்கென்றே கணிப்பொறிக்குள் செருகப்பட்ட மின்னணுப் பலகையாகும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் வாழும் அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்தளித்தார். ஈழத் தமிழரிடையே பாமினி பரவியது. தமிழகத்து அச்சகங்களில் ஸ்ரீலிபி முதலான பல எழுத்துருக்கள் இடம்பிடித்தன. தமிழ்மேல் கொண்ட பற்றினாலும் தேவையினாலும் விளைந்த முயற்சிகள் இவை. எனினும் ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலவில்லை. பாமினியில் எழுதிய "தமிழ்" என்னும் சொல், பாமினி இல்லாத கணிப்பொறியில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் நிற்கும். ஒரு கவிதைத் தொகுதி முழுவதும் இவ்வாறு நின்றால் அதைக் கவிதை என்று கண்டுகொள்பவர் யார்?

இணையத்தில் தமிழ் கால்வைத்த தொடக்க நாள்களிலேயே கவிதையும் உடன் சென்றது என்பது கவிஞர்கள் மகிழத்தக்க செய்தி. சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் 1995ஆம் ஆண்டில் இணையத்தில் ஏறியபோது தமிழ்க் கவிதைகளுக்கு வழி செய்தவர் நா. கோவிந்தசாமி. அவர் பொறியாளர் அல்லர். சிறுகதை ஆசிரியர், தமிழாசிரியர். எழுத்துரு இல்லையே என்று எவரிடமும் முறையிட்டுக்கொண்டு நில்லாமல் தாமே அவ்வேலையில் இறங்கினார். 1999ஆம் ஆண்டில் மறைந்த அவரை எழுத்தாளர் உலகம் இன்னும் சரியாக நினைவில் கொள்ளவில்லை.

அதே 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களும் தமிழக அரசின் தரங்களாயின. பல நாட்டுத் தமிழர் கூடிச் சமைத்த டிஸ்கி என்னும் குறியேற்றமும் அக்காலத்தில் புழக்கத்திற்கு வந்தது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைப் பின்னர் டிஸ்கியில் ஏற்றியது.

இத்தனையும் இங்கே நடந்துகொண்டிருக்க, எழுத்தின் தலைவிதி வேறோரிடத்தில் முடிவாகிக்கொண்டிருந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண்வரிசை வேண்டும் என்ற எண்ணத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஜோ பெக்கர் 1988ஆம் ஆண்டில் வரைந்தார். 1991ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் யூனிக்கோடு கூட்டமைப்பு பதிவாயிற்று. ஆப்பிள், ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் முதலிய பெருநிறுவனங்கள் அதில் அமர்ந்தன. ஒருங்குகுறி என்று தமிழில் வழங்குவது இதுவே. இந்திய மொழிகளுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூலம், தேவநாகரியை அச்சாக வைத்து இந்திய அரசின் சார்பில் வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் வரிசை. ஆகவே தமிழும் தேவநாகரியின் சட்டையை அணிந்தே உள்ளே போயிற்று.

சட்டை பொருந்தாத இடங்கள் புலவர்களுக்கு உடனே விளங்கும். தொல்காப்பியர் நெறியில் மெய்யே முதல். அது புள்ளி பெற்று நிற்கும். புள்ளி நீங்கி அகரம் ஏறினால் உயிர்மெய். ஒருங்குகுறியிலோ "க" என்பதே முதற்பொருள். அதனோடு புள்ளியைச் சேர்த்தால்தான் "க்". எனவே "க" ஓர் எண். "க்" இரண்டு எண். குறிலுக்கு ஒரு மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை என்று கற்ற காதுக்கு இது தலைகீழ்க் கணக்கு. "தமிழ்" என்ற மூன்றெழுத்துச் சொல் உள்ளே ஐந்து எண்களாகிறது. அசை பிரித்துச் சீர் காட்டும் மென்பொருள் செய்வோர் இக்கணக்கை மீண்டும் திருப்பிப் போட்ட பிறகே வெண்பாவைத் தொட முடியும். அகரவரிசையும் அவ்வாறே. "ந"வை அடுத்து "ன", "ர"வை அடுத்து "ற" என்று நாகரி முறையில் அமர்த்தியிருப்பதால், எண் வரிசைப்படி அடுக்கினால் செய்யுள் முதற்குறிப்பு அகராதி குலைந்து போகும். அதைத் தமிழ் நெடுங்கணக்குப்படி அடுக்கத் தனி விதி எழுத வேண்டும்.

இதன் பயனைக் கைப்பேசியிலும் கண்டோம். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள். ஒருங்குகுறித் தமிழில் 70 எண்கள். பெரும்பாலான குறள்கள் அதற்குள் அடங்கும். நான்கடி வெண்பா அடங்குவது அரிது. வள்ளுவர் முன்னறிந்து சுருக்கினார் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாமே தவிர, தமிழில் செய்தி அனுப்பியவர் கூடுதல் பணம் கட்டினார் என்பது வேடிக்கையன்று.

கொரிய மொழி 1996ஆம் ஆண்டுப் பதிப்பில் தன் அசையெழுத்துகள் 11,172க்கும் தனித்தனி இடம் வாங்கிக்கொண்டது. தமிழ் 247 எழுத்துகளுக்கு இடம் கேட்டிருந்தால் அது பெரிதாகியிருக்காது. கேட்க வேண்டிய காலத்தில், கேட்க வேண்டிய அவையில், தமிழறிந்தோர் இல்லை. தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் நிரம்பியவை 72 மட்டுமே. விழித்துக்கொண்டபோது காலம் கடந்திருந்தது. எல்லா உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் டேஸ்16 என்னும் குறியேற்றத்தையும் ஒருங்குகுறியோடு சேர்த்துத் தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் தரமாக அறிவித்தது. அலுவலகங்களில் சில இடங்களில் அது வழங்கிற்றே அன்றி உலகப் புழக்கத்தில் நிலைபெறவில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒருங்குகுறியில் ஒருமுறை ஓரெழுத்துக்கு இடம் கொடுத்தால் பின்னர் அதை மாற்றுவதில்லை, நீக்குவதில்லை என்பது அக்கூட்டமைப்பின் உறுதி. தமிழின் வரிசைப் பிழையைத் திருத்த முடியாமைக்குக் காரணம் இவ்வுறுதியே. இன்று எழுதிய கவிதை ஐம்பது ஆண்டு கழித்தும் அதே எண்களில் படிக்கப்படும் என்ற நம்பிக்கைக்குக் காரணமும் இவ்வுறுதியே. இலக்கண நெறிக்கு ஒத்துவந்த அழகிய முறைகள் பல, செய்தவரோடும் அவர்தம் கருவியோடும் முடிந்தன. குறையுள்ள பொதுமுறை நிலைத்தது. இதைத் தோல்வி என்று வருந்துவோரின் வருத்தம் நியாயமானது. ஆனால் கவிஞர் தம் கவிதையை எதில் எழுதி வைப்பது என்ற கேள்விக்கு விடையில் ஐயமில்லை.

பெருநிறுவனங்களின் பொருள்களை நம்பி வைத்தவை என்ன ஆயின என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். யாகூ நிறுவனத்தின் ஜியோசிட்டீஸ் தளத்தில் வலைமனை கட்டிக் கவிதைகளை ஏற்றியோர் இருந்தனர். 2009ஆம் ஆண்டு அக்டோபரில் அது மூடப்பட்டது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ்க் குழுமங்கள் இயங்கிய யாகூ குழுமங்கள் 2020ஆம் ஆண்டில் முற்றும் நின்றன. அச்சகங்களின் கைவாளாக இருந்த பேஜ்மேக்கர் 2001ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றது. நெகிழ்வட்டு செய்து வந்த சோனி 2011ஆம் ஆண்டில் அதன் விற்பனையை நிறுத்தியது. இவற்றுள் எதுவும் சூழ்ச்சியன்று, வணிகம். கடை கட்டுகிறவன் வாடிக்கையாளரின் மரபிலக்கியத்தை எண்ணிக்கொண்டு கட்டுவதில்லை.

மறுபுறம், கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2019ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த ஒருங்குகுறியின் 12ஆம் பதிப்பில் பழந்தமிழ்ப் பின்னங்களும் குறிகளுமாக 51 வடிவங்கள் இடம் பெற்றன. முந்திரியும் காணியும் மாவும், நெல்லுக்கும் குறுணிக்கும் பதக்குக்கும் உரிய குறிகளும், நஞ்சை, புஞ்சை, உப்பளம் ஆகியவற்றைக் குறிக்கும் பழங்கணக்கர் கையெழுத்தும் அவற்றில் அடங்கும். ஓலைக் கணக்கிலிருந்தும் கல்வெட்டிலிருந்தும் சான்று தேடித் தொகுத்து, முறைப்படி எழுதி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்றவை இவை. மேடையில் முழங்கிப் பெற்றவை அல்ல.

இனி வட்டத்தார் செய்யத்தக்கது ஒன்று. உறுப்பினர் பலரின் இல்லங்களில் பழைய நெகிழ்வட்டுகளும் குறுவட்டுகளும் இருக்கும். அச்சகத்தார் திருப்பித் தந்த கோப்புகளும் இருக்கும். அவற்றில் உள்ள கவிதைகளை ஒருங்குகுறிக்கு மாற்றும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகமும் அத்தகைய கருவியை வழங்குகிறது. ஆனால் மாற்றுவதற்கு முதலில் தெரிய வேண்டியது, அக்கோப்பு எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பது. ஏடெழுதியோர் கடைசி ஓலையில் ஆண்டும் திங்களும் எழுதியவர் பெயரும் குறித்து வைத்ததுபோல, வட்டின் மேலொட்டியிருக்கும் தாளில் எழுத்துருவின் பெயரைக் குறித்து வைத்திருந்தால் வேலை ஒரு நாழிகையில் முடியும். பெயர் இல்லையெனில், கவிதையை எழுதியவர் நினைவிலிருந்து ஒரு வரியைச் சொல்ல, கோப்பிலுள்ள குறிகளை அதனோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துத்தான் எழுத்துருவைக் கண்டறிய வேண்டும். அவ்வரியைச் சொல்லக்கூடியவர்கள் இவ்வரங்கில் இன்று அமர்ந்திருக்கிறார்கள்.