பேரணி கடந்துபோகும் வீடுகள்

பள்ளி மாணவர்களின் சமூகப்பணி என்று சொன்னவுடன் நம் கண்முன் எது வருகிறது? பதாகை பிடித்து வெயிலில் நடக்கிற பேரணி. நட்ட அன்றோடு மறந்துபோன மரக்கன்று. ஒருநாள் துப்புரவு, ஒரு குழுப் புகைப்படம். மாணவர் தொண்டுக்கென்றே 1969 செப்டம்பர் 24-ஆம் நாள், காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. இன்று அது நம் மேல்நிலைப் பள்ளிகள் வரை வேர்விட்டிருக்கிறது. ஆண்டுக்கு 120 மணி நேரத் தொண்டு, ஏழுநாள் சிறப்பு முகாம் என்பது அதன் கணக்கு. நூற்றிருபது மணி நேரம் கொஞ்ச நேரமா? அதில் பெரும்பகுதியைத் தெருவிலேயே கரைத்துவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம். அந்த நேரம் பேரணி கடந்துபோகும் வீடுகளின் திண்ணைக்கு வரவேண்டும் என்று கேட்கவே இங்கே நிற்கிறேன்.

திண்ணையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். முதியோர் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 ரூபாயாக இருந்ததைத் தமிழக அரசு 2023-இல் 1,200 ஆக்கியது. திட்டம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியின் ஆதாரில் ‘லட்சுமி’ என்றும் ரேஷன் அட்டையில் ‘லட்சுமியம்மாள்’ என்றும் இருந்தால் போதும், மனு அங்கேயே நின்றுவிடும். இ-சேவை மையத்தில் ஓ.டி.பி. கேட்பார்கள், அந்த எண் உள்ள கைபேசி மகனோடு திருப்பூரில் இருக்கும். துணைக்குப் போகிற மருமகளுக்கு ஒவ்வொரு நடையும் ஒருநாள் கூலி. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் படித்தாலே கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். போகுமுன் மகனுக்குப் போன் செய்யுங்கள், இந்தச் சான்றையும் எடுத்துப்போங்கள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பாள். மூன்று நடை ஒரு நடையாகும். அவளிடம் இருப்பதும் அந்த வீட்டில் இல்லாததும் எழுத்து ஒன்றுதான்.

இது நடக்கிற காரியமா என்ற ஐயத்துக்குப் புதுக்கோட்டை எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது கற்றுக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்கிய ஆசிரியர்கள் அல்லர். அந்தந்த ஊர் இளைஞர்களும் பெண்களுமான தொண்டர்கள். வயல்வேலைக்கும் கல்குவாரிக்கும் போய்வந்த பெண்கள் எழுத்தோடு நிற்காமல் சைக்கிளும் பழகினார்கள். பஸ்ஸுக்காகவும், கூட்டிப்போக ஓர் ஆணுக்காகவும் காத்திருந்த நிலை மாறியது. கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’யும் அதே வழியில்தான் நடந்தது: பிள்ளைகளின் வீட்டுக்கு அருகிலேயே தன்னார்வலர்கள், மாலையில் ஒன்றரை மணி நேரம். தெரிந்த முகம் வந்து உட்கார்ந்தால்தான் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மனம் வரும்.

இதெல்லாம் அரசு ஊழியர் செய்யவேண்டிய வேலை, பிள்ளைகள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்பார்கள். நியாயமான கேள்வி. சான்று தருவதும் மனுவின்மேல் முடிவெடுப்பதும் அலுவலகத்தின் கடமையே. அதில் ஓர் அணுவையும் நான் மாணவர்மேல் ஏற்றவில்லை. இன்னும் சொன்னால், எந்தத் தெருவில் எத்தனை மனுக்கள் என்ன காரணத்தால் நிற்கின்றன என்று எழுதிக் கையில் வைத்திருக்கிற ஊரிடம்தான் அலுவலகம் ஒழுங்காகப் பதில் சொல்லும். பொதுத்தேர்வு என்னாவது என்ற பெற்றோரின் கவலைக்கும் மதிப்புண்டு. அதனால் தேர்வு மாதங்களில் இந்தப் பணி வேண்டாம், மற்ற மாதங்களில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொண்டு என்ற பெயரில் எந்த மாணவரையும், குறிப்பாகச் சாதி பார்த்து, கழிப்பறை கழுவவோ குப்பை அள்ளவோ விடக்கூடாது. அது தொண்டே இல்லை, கொடுமை. அதுபோலவே வங்கி ரகசிய எண்ணைப் பிள்ளைகள் கேட்கவும் கூடாது, சொன்னால் காதில் வாங்கவும் கூடாது. இருவராகத்தான் போகவேண்டும், எங்கே போகிறார்கள் என்று ஓர் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இனிமேல்தான் இருக்கிறது. உதவப் போகிற பிள்ளையின் வீட்டுக்கு யார் உதவுவது? மாலையில் தண்ணீர் பிடித்து, தம்பியைப் பார்த்துக்கொண்டு, அடுப்பும் மூட்டுகிற ஒரு சிறுமியிடம் போய் இன்னும் ஒரு மணி நேரம் கொடு என்று எப்படிக் கேட்பது? வாய்கூசாமல் கேட்க முடியாது. அந்த மாலையில் தம்பியைப் பார்த்துக்கொள்ள அண்டை வீட்டார் முன்வரவேண்டும்; படிக்க ஒரு விளக்கும் ஒரு மேசையும் நூலகத்தில் அவளுக்காக இருக்கவேண்டும். அவளுடைய தாய்க்கு வரவேண்டிய மகளிர் உரிமைத்தொகை நின்றுபோயிருந்தால் அந்த மனுவைத்தான் ஊர் முதலில் கையில் எடுக்கவேண்டும். பிள்ளைகள் ஊருக்கு உழைப்பார்கள், ஊர் அந்தப் பிள்ளைகளின் குடும்பத்தை ஏறெடுத்தும் பார்க்காது என்றால், அதற்குச் சமூகப்பணி என்று பெயர் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதற்காகப் புதிய சங்கம் எதுவும் வேண்டாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைத் தந்திருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். கூரை ஒழுகுவதையும் குடிநீர்க் குழாயையும் பேசுகிற அதே கூட்டத்தில் இதையும் பேசலாம். இங்கே வந்திருக்கும் குழு உறுப்பினர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிப் போங்கள். இடப்பக்கம், தெருவில் உதவி வேண்டி நிற்கும் வீடுகள். வலப்பக்கம், உதவ வருகிற மாணவர்களின் வீடுகளுக்கு என்ன வேண்டும் என்பது. வலப்பக்கத்தை முதலில் நிரப்புங்கள்.