எழுத்தால் எழுதும் வரி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், லேத் இரைச்சலுக்கு நடுவே ஒரு மேஜையும் இரும்பு பீரோவுமாக அமைந்திருக்கும் அலுவலக அறைகளில், காசோலை எழுதப்படும் விதத்தைக் கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும்: கட்டத்துக்குள் இலக்கத்தை வெகு சிரத்தையோடு எழுதுகிற பட்டறை முதலாளி, அதே தொகையை எழுத்தால் எழுத வேண்டிய வரிக்கு வந்ததும், அதை வெறும் சம்பிரதாயமாக எண்ணிக் கிறுக்கிவிட்டுக் கையெழுத்துக்குத் தாவிவிடுகிறார்.

சட்டத்தின் நோக்கு நேர்மாறானது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில், 18-ஆம் பிரிவின்படி, இலக்கமும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே தொகை. (நடைமுறையில் வங்கி அதைத் திருப்பியனுப்பிவிடக் கூடும் என்பது வேறு கதை.) 'ஐம்பதாயிரம்' என்று வரியின் நடுவே தொடங்கினால், விட்ட இடத்தில் 'இரண்டு லட்சத்து' என்னும் சொற்கள் சௌகரியமாக வந்து அமர்ந்துகொள்ளும், கட்டத்தில் 50,000-க்கு முன்னால் ஒரு 2 சேர்ந்தால் போதும், காரியம் முடிந்தது! வரியின் இடது ஓரத்திலேயே தொடங்கி, 'மட்டும்' என்று முடித்து, மிச்சத்தைக் கோடிட்டு அடைப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. தமிழிலேயே எழுதலாம், வங்கி மறுக்கலாகாது.

பிழை நேர்ந்தால் அடித்து எழுதிப் பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்துப் போடும் பழைய வழக்கம் இப்போது செல்லாது. சென்னையில் 2011 முதல் காசோலையின் காகிதம் பயணம் செய்வதில்லை, அதன் படம்தான் செல்கிறது. ஆகவே பெயரிலோ தொகையிலோ திருத்தம் இருந்தால் புதுத்தாள்தான் கிழிக்க வேண்டும். கம்பெனி ரப்பர் ஸ்டாம்பைக் கையெழுத்தின் மீதே அழுத்துவதும் இதே காரணத்தால் ஆபத்து. படத்தில் இரண்டும் கலங்கி ஒன்றாகிவிடும்.

ஜனவரி மாதத்தில் கைப்பழக்கத்தால் போன வருஷத்தையே எழுதிவிடுகிறவர் பலர். 2012 ஏப்ரல் முதல் காசோலையின் ஆயுள் மூன்றே மாதம் ஆதலால், அது பிறக்கும்போதே காலாவதியானது.

இவையெல்லாம் அற்பப் பிழைகள் என்று சொல்லவைப்பது, தொகை எழுதாமல் கையெழுத்திட்டு, 'நம்ம ஆள்தானே' என்று கொடுத்துவிடுவது. தானாக மனமுவந்து கொடுத்த வெற்றுக் காசோலையானாலும், கடனுக்காகவே தரப்பட்டதென்ற சட்டத்தின் அனுமானம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. அதை மறுத்து நிரூபிக்கும் பாரம் கையெழுத்திட்டவருடையது. பணமில்லாமல் திரும்பினால் 138-ஆம் பிரிவு: எழுத்து மூலமான நோட்டீஸ், பணம் கொடுக்கப் பதினைந்து நாள் அவகாசம், பிறகு வழக்கு, தண்டனை இரண்டு வருஷச் சிறை வரையிலோ, தொகையைப் போல் இருமடங்கு அபராதம் வரையிலோ, இரண்டுமோ. பெற்றவர் தம் கணக்கு வைத்திருக்கும் கிளையின் எல்லையில் வழக்கு நடப்பதால், காசோலை கொடுத்தவர் வேறூர் நீதிமன்றப் படியேற நேரலாம்.

'இன்று கொடுத்தால் நாளை மறுநாள்தானே வங்கிக்குப் போகும், அதற்குள் பணம் போட்டுவிடலாம்' என்ற கணக்கும் இனி உதவாது. 2025 அக்டோபர் 4 முதல், காலையில் செலுத்திய காசோலைக்கு அன்று மாலை ஏழு மணிக்குள் பணம் தரும் வங்கி பதில் சொல்லியாக வேண்டும்.