மலைப்பாதையில் மழலையர் பாதுகாப்பு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 60 கி.மீ. நீளமுடையது. கல்லாற்றைக் கடந்தபின் சாலை மலையில் ஏறத் தொடங்குகிறது. அங்கிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கடல் மட்டத்திற்குச் சுமார் 1,100 மீட்டர் உயரத்திலுள்ள இம்மலையைக் காண விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகின்றனர். ஆனால் இச்சாலை சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் உரியதன்று. தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்து வாழும் குடும்பங்கள் ஆண்டு முழுவதும் இதே வளைவுகளில் ஏறி இறங்க வேண்டியுள்ளது. தடுப்பூசி, காய்ச்சல், உறவினர் வீட்டுத் திருமணம் என எதற்கும் கைக்குழந்தையுடன் கீழே இறங்கியாக வேண்டும்.

அரசுப் பேருந்து கிடைக்காத வேளையில் ஜீப்போ பிக்கப் வண்டியோதான் மலைவாழ் குடும்பங்களுக்குத் துணை. தோட்டத்திற்கு உரமும் மளிகைப் பொருளும் ஏற்றிவரும் அதே வண்டியில் தாய் முன்புறம் ஏறி, குழந்தையை மடியில் இருத்திக்கொள்வது எங்கும் காணும் காட்சி. அன்பின் அடையாளமாகத் தோன்றும் இக்காட்சி விபத்தின்போது பேராபத்தாக மாறுகிறது. பிக்கப் வண்டியில் குழந்தை இருக்கையை எங்கே, எவ்வாறு உறுதியாகப் பொருத்துவது என்பதே இவ்வுரையின் பொருள். சிறிய செய்தியாகத் தோன்றினும், இதில் அடங்கியிருப்பது ஓர் உயிர்.

மடி இருக்கை ஆகாது

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்பது நல்லது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இறங்கும் வண்டி ஒரு பாறையிலோ எதிரே வரும் பேருந்திலோ மோதி, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அப்போது 10 கிலோ எடையுள்ள குழந்தை சுமார் 85 கிலோ எடைக்கு ஒப்பான விசையுடன் முன்னோக்கி எறியப்படுகிறது. வேகம் 50 கி.மீ. ஆனால் அவ்விசை சுமார் 140 கிலோ எடைக்கு ஒப்பாகிவிடும். எத்தனை வலிமை வாய்ந்த தந்தையாயினும் அக்கணத்தில் குழந்தையைக் கைகளால் பிடித்து நிறுத்த இயலாது. 50 கி.மீ. வேகத்தில் மோதுவது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமமாகும்.

தாயும் குழந்தையும் ஒரே இருக்கை வாரைப் பூட்டிக்கொண்டால் என்ன என்ற கேள்வி எழலாம். அது இன்னும் தீங்கானது. மோதலின்போது தாயின் முழு எடையும் குழந்தையை அந்த வாரோடு வைத்து நசுக்கிவிடும்.

இவ்வுண்மையை உலகம் ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் டென்னசி. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவரின் விடாமுயற்சியால் 1978ஆம் ஆண்டு அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் குழந்தையைப் பெரியவர் கையில் ஏந்திச் செல்லலாம் என்றொரு விலக்கு அதில் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த விலக்கே சட்டத்தின் பயனைக் குலைத்தது. தொடர்ந்த போராட்டத்திற்குப் பின் 1981இல் அது நீக்கப்பட்டது. சரியான இருக்கையைப் பயன்படுத்தினால் சிசுக்களின் இறப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு குறையக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் இன்று கூறுகிறது.

சட்டமும் நடைமுறையும்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. புதிதாகச் சேர்க்கப்பட்ட 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையை இருக்கை வாராலோ குழந்தைக் காப்பு அமைப்பாலோ பிணைக்காமல் வண்டியோட்டுபவருக்கு ரூ. 1,000 அபராதம் விதிக்கலாம். குழந்தை இருக்கைகளுக்கென ஏ.ஐ.எஸ். 072 என்ற தரநிர்ணயமும் உண்டு.

கேரளத்தில் இச்சட்டத்தைச் செயற்படுத்த 2024 அக்டோபரில் ஒரு முயற்சி நடந்தது. டிசம்பர் மாதம் முதல் அபராதம் விதிக்கப்படும் என்று போக்குவரத்து ஆணையர் அறிவித்தார். ஆனால் அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்த கே.பி. கணேஷ்குமார், விழிப்புணர்வு ஊட்டுவதே நோக்கம், அபராதம் உடனடியாக விதிக்கப்படமாட்டாது என விளக்கினார். சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஒரு பொருளை, அது எளிதில் கிடைப்பதற்கு முன்பே கட்டாயமாக்குவதிலுள்ள இடர்ப்பாட்டை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. அபராதம் தள்ளிவைக்கப்படலாம்; ஆபத்து தள்ளிப்போவதில்லை.

இன்னொரு குறையும் கருதத்தக்கது. 2023 அக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள பாரத் புதிய கார் மதிப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைப் பாதுகாப்பிற்கென 49 புள்ளிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆனால் இத்திட்டம் பயணியர் கார்களுக்கே உரியது. சரக்கு வாகனப் பிரிவில் பதிவாகும் பிக்கப் வண்டிகள் இதனுள் வருவதில்லை. எனவே பிக்கப் வைத்திருப்பவர் மதிப்பெண்ணைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. அவர் தம் கையால் செய்யும் பொருத்துதலே குழந்தைக்குக் காப்பு.

எந்த இடம் தகும்?

பிக்கப் வண்டிகள் இரு வகைப்படும். ஒன்று, ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாம் வரிசை இருக்கை உள்ள இரட்டைக் கேபின் வண்டி. மற்றொன்று, ஒரே வரிசை இருக்கை உள்ள ஒற்றைக் கேபின் வண்டி. தமிழ் மக்கள் ‘குட்டி யானை’ என்று செல்லமாக அழைக்கும் சிறு சரக்கு வண்டியும் இரண்டாம் வகையையே சேர்ந்தது.

இரட்டைக் கேபின் வண்டியில் பின்வரிசையே குழந்தைக்கு உரிய இடம். அவ்வரிசை காரின் பின்னிருக்கையைவிடக் குறுகலாகவும் முதுகுப் பலகை நிமிர்ந்தும் இருக்கும். ஆகையால் இருக்கையை வாங்கும் முன்பே அவ்வண்டியில் வைத்துப் பார்ப்பது அவசியம். இருக்கையின் அடிப்பாகம் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது உறுதியாக நில்லாது. எவ்வளவு நீட்சி தகும் என்பது இருக்கையின் கையேட்டில் கூறப்பட்டிருக்கும்.

ஒற்றைக் கேபின் வண்டி குழந்தைப் பயணத்திற்கு ஏற்றதன்று. வேறு வழியே இல்லையெனில் இரு செய்திகளை மறக்கலாகாது. பயணியிருக்கைக்கு எதிரே காற்றுப்பை இருந்து, அதைச் செயலிழக்கச் செய்ய வசதியில்லையாயின், பின்னோக்கிய குழந்தை இருக்கையை அங்கே வைக்கவே கூடாது. விரியும் காற்றுப்பை அவ்விருக்கையின் முதுகில் அறைந்து குழந்தையின் உயிரைப் பறித்துவிடும். காற்றுப்பை இல்லாத வண்டியிலும், இருக்கையை நகர்த்தக்கூடுமாயின் இயன்றவரை பின்னுக்குத் தள்ளியே வைக்க வேண்டும்.

மலைப்பகுதி ஜீப்புகளில் எதிரெதிராக அமைந்த பக்கவாட்டுப் பலகைகளில் எந்தக் குழந்தை இருக்கையையும் பொருத்த முடியாது. சரக்கு ஏற்றும் பின்தட்டோ குழந்தைக்கு மட்டுமல்ல, எவருக்குமே இடமன்று. இத்தகைய வண்டிகளைவிட, சிறிது நேரம் காத்திருந்து பேருந்தில் செல்வதே மேல்.

பொருத்தும் முறை

முதலாவதாக, இருக்கை குழந்தையின் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 13 கிலோ வரையுள்ள சிசுவுக்குப் பின்னோக்கிய இருக்கையே உரியது. சிசுவின் தலை உடலை நோக்கப் பெரியது, கழுத்தோ வலுவற்றது. பின்னோக்கி அமர்ந்த குழந்தையின் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் ஓடு ஒருசேரத் தாங்கிக்கொள்கிறது. 9 முதல் 18 கிலோ வரையுள்ள குழந்தைகளுக்கு முன்னோக்கிய இருக்கைகள் உள்ளன. இரண்டும் பொருந்தும் நிலையில், இருக்கை இடந்தரும் வரை பின்னோக்கி வைப்பதே நலம்.

இரண்டாவதாக, இருக்கையை வண்டியோடு பிணைக்க வேண்டும். ஐசோஃபிக்ஸ் என்னும் உலோகக் கொக்கிகள் வண்டியில் இருந்தால், இருக்கையின் கரங்களை அவற்றில் செலுத்திப் பூட்டும் ஒலி கேட்கும்வரை அழுத்த வேண்டும். பல பிக்கப் வண்டிகளில் அவ்வசதி இல்லை. இருக்கை வார்தான் துணை. வாரைச் செலுத்தும் வழி பின்னோக்கிய நிலைக்கு ஒன்றாகவும் முன்னோக்கிய நிலைக்கு வேறாகவும் இருக்கையிலேயே குறிக்கப்பட்டிருக்கும். வழி மாறினால் பயன் கெடும். இந்நாட்டு வண்டிகளில் காணப்படும் வார்களில் பெரும்பாலானவை திடீரென இழுபட்டால்தான் பூட்டிக்கொள்ளும். மெல்ல இழுத்தால் நீளும். ஆகவே இருக்கையில் வாரை இறுகப் பிடிக்கும் பூட்டு இருந்தால் அதைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும். முழங்காலால் இருக்கையை அழுத்தி, வாரின் தளர்ச்சியை முற்றும் இழுத்தெடுத்த பிறகே பூட்ட வேண்டும்.

மூன்றாவதாக, முன்னோக்கிய இருக்கையில் மேற்பிணைப்பு வார் இருந்தால் அதையும் கட்ட வேண்டும். மோதலின்போது குழந்தையின் தலை முன்னே பாயும் தூரத்தைக் குறைப்பது அதுவே. பிக்கப் வண்டியில் பெரும்பாலோர் தவறுவதும் இங்கேதான். காரில் இதற்கான கொக்கி பின்னிருக்கைக்குப் பின்புறம் எளிதில் கைக்கு எட்டும். பிக்கப்பிலோ முதுகுப் பலகைக்கும் கேபின் சுவருக்கும் இடையே அது மறைந்திருக்கும். சில வண்டிகளில் துணிப்பட்டை வளையமாகவும் இருக்கும். அதைத் தேடிக் காணாமல், சரக்கு கட்டும் வளையத்திலோ தலைச்சாய்வுக் கம்பியிலோ மாட்டிவிடுவது தவறு. அவை இவ்விசையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வண்டியின் கையேடு காட்டும் இடமே சரியான இடம்.

நான்காவதாக, சோதித்துப் பார்க்க வேண்டும். வார் செல்லும் இடத்தில் இருக்கையைப் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்பின்னும் அசைத்தால், அது 2.5 செ.மீ. அளவுக்கு மேல் நகரக் கூடாது. நகர்ந்தால் அவிழ்த்து மறுபடியும் கட்ட வேண்டும்.

குளிரும் வளைவும்

பொன்முடியில் விடியற்காலையில் குளிரும் பனிமூட்டமும் மிகுதி. குழந்தைக்குத் தடித்த கம்பளிச் சட்டை அணிவித்து இருக்கையில் பிணைப்பது இயல்பு. ஆனால் மோதலின்போது கம்பளி அமுங்கிவிடும். வார் தளர்ந்து குழந்தை நழுவக்கூடும். எனவே மெல்லிய உடையுடன் குழந்தையை அமர்த்தி, தோளருகே வாரை விரல்களால் கிள்ளினால் மடிப்பு விழாத அளவுக்கு இறுக்கி, அதன்மேல் கம்பளியைப் போர்த்த வேண்டும். பின்னோக்கிய இருக்கையில் தோள் வார் தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழோ, முன்னோக்கிய இருக்கையில் தோள் மட்டத்திலோ சற்று மேலோ தொடங்க வேண்டும்.

வளைவுகளில் குழந்தை வாந்தி எடுப்பதும் அழுவதும் உண்டு. அப்போது தாய் மனம் பொறாமல் வாரை அவிழ்த்து மடியில் எடுத்துக்கொள்கிறாள். மிகுந்த கவனத்துடன் கட்டிய கட்டு மிகவும் ஆபத்தான இடத்தில் அவிழ்க்கப்படுவது இப்படித்தான். அகலமான இடம் பார்த்து வண்டியை நிறுத்தி, குழந்தையைத் தேற்றி, மீண்டும் பிணைத்தபின் புறப்படுவதே முறை. ஐந்து நிமிடத் தாமதம் பெரிதன்று. வளைவுகளில் ஆடி ஆடி வார் தளரவும் கூடும். மலை இறங்கியதும் ஒருமுறை மீண்டும் அசைத்துப் பார்ப்பது நல்லது. குழந்தை இல்லாத நேரத்திலும் இருக்கை கட்டப்பட்டே இருக்க வேண்டும். கட்டப்படாத இருக்கை விபத்தில் பறந்து மற்றவரைத் தாக்கும். ஒருமுறை கடுமையான விபத்துக்குள்ளான இருக்கையை மீண்டும் பயன்படுத்தலாகாது.

செய்யத்தக்கவை

தினக்கூலி பெறும் தோட்டத் தொழிலாளி, இரண்டு ஆண்டுகளுக்குள் சிறிதாகிவிடும் ஓர் இருக்கைக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவிட முடியுமா என்ற கேள்வி நியாயமானது. இதற்கு விடை, இருக்கையைப் பலரும் மாறி மாறிப் பயன்படுத்தும் பொதுப்பொருளாக்குவதே. அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், கிராமப் பஞ்சாயத்து ஆகியவை சில இருக்கைகளை வாங்கி வைத்து, தேவைப்படும் குடும்பத்திற்கு இரவலாக வழங்கலாம். மகப்பேற்றுக்குப் பின் வீடு திரும்பும் முதல் பயணத்திலிருந்தே இவ்வுதவி தொடங்க வேண்டும். எந்த இருக்கை எத்தனை பேரிடம் சென்றது, விபத்தில் சிக்கியதா என்ற குறிப்பேடும் உடன் இருக்க வேண்டும்.

பொருத்தும் கலையைக் கற்பிக்கவும் ஆட்கள் வேண்டும். திருவனந்தபுரத்தில் இயங்கும் தேசியப் போக்குவரத்துத் திட்டமிடல் ஆராய்ச்சி மையமும் மோட்டார் வாகனத் துறையும் இணைந்து, மலைப்பகுதி ஜீப், பிக்கப் ஓட்டுநர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் அரைநாள் பயிற்சி அளிப்பது கடினமன்று. பொறியியல் மாணவர்கள், இவ்வட்டாரத்தில் ஓடும் பிக்கப் வகைகள் ஒவ்வொன்றிலும் பிணைப்பு வளையம் எங்கே உள்ளது, எந்த இருக்கை பொருந்துகிறது என்று ஆராய்ந்து மலையாளத்திலும் தமிழிலும் ஒரு படவிளக்கக் கையேடு தயாரித்தால், அது எந்த அபராதத்தைவிடவும் மிகுதியாகப் பயன்படும்.

பொன்முடிக்கு ஏறும் வண்டிகள் வனத்துறைச் சோதனைச் சாவடியில் சற்று நின்றே செல்கின்றன. நெகிழிப் பைகளையும் மதுப்புட்டிகளையும் பற்றி அலுவலர் அங்கே கேட்பதைப் போல, குழந்தை இருக்கையைக் கையால் ஒருமுறை அசைத்துப் பார்க்கச் சொல்லி நினைவூட்டலாம். அதற்குத் தேவைப்படுவது அரை நிமிடம். அதன்பின் எதிரே நிற்பவை 22 வளைவுகள்.