வேட்பு மனுவின் விலை

(தேர்தல் பணி ஊழியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரை)



சட்டமன்றத்திற்குப் போட்டியிட விரும்புபவரிடம் இந்திய அரசியல் சட்டமும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் கேட்கும் தகுதிகள் மிகச் சிலவே. அவர் இந்தியக் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும். 25 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த மாநிலத்தின் ஏதேனும் ஒரு தொகுதியில் வாக்காளராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். சொத்து தேவையில்லை, பட்டம் தேவையில்லை. வெள்ளையர் ஆட்சியின் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றைப் பார்த்தே வாக்குரிமை வழங்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எளிமையின் அருமை புரியும். விடுதலைப் போராட்டம் பெற்றுத் தந்த உரிமைகளில் இது முதன்மையானது.

இந்த எளிமை அசைக்க முடியாதது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 2015இல் அரியானா அரசு பஞ்சாயத்துத் தேர்தலுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பொதுப்பிரிவு ஆண்கள் போட்டியிட வேண்டுமானால் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும். மின் கட்டண பாக்கியும் கூட்டுறவுக் கடன் பாக்கியும் இருக்கக் கூடாது. அதே ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இச்சட்டத்தை இயற்றிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கோ எந்தப் படிப்பும் கட்டாயமில்லை! கடன்பட்ட விவசாயி ஊராட்சி உறுப்பினராகக்கூடத் தகுதியற்றவர் என்று சொல்லத் துணிந்தவர்கள் சட்டமன்றத்திற்கும் அந்த விதியைக் கொண்டுவர எவ்வளவு காலம் எடுத்துக்கொள்வார்கள்?

இப்போதுள்ள தடை வேறு வகையானது. அதைப் புரிந்துகொள்ள 1996ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அந்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் தமிழகத்தின் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் களத்தில் நின்றனர். தங்கள் கோரிக்கைகளைக் காது கொடுத்துக் கேட்க ஆளில்லை என்று கொதித்த விவசாயிகள் நூற்றுக்கணக்கில் மனுத் தாக்கல் செய்ததே காரணம். வாக்குச் சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது. தேர்தல் ஒரு மாதம் தள்ளிப் போயிற்று. ஏறத்தாழ அதே நாட்களில் ஆந்திரத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர் போட்டியிட்டனர். புளோரைடு கலந்த நீரைக் குடித்து எலும்பு வளைந்துபோன மக்கள், நல்ல தண்ணீர் கேட்டு நடத்திய போராட்டம் அது. அங்கே வெற்றி பெற்றவர் தெலங்கானா ஆயுதப் போராட்டத் தலைமுறையைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் தலைவர் தர்மபிக்ஷம்.

வேட்பு மனு இங்கே மகஜராக மாறியது. கோட்டைக்கும் தில்லிக்கும் அனுப்பிய மனுக்கள் குப்பைக் கூடைக்குப் போனதால், தள்ளிவிட முடியாத ஒரு மனுவை மக்கள் கண்டுபிடித்தனர். ஆட்சியாளர்கள் அதற்குத் தந்த பதில் என்ன? அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டமன்ற வேட்பாளரின் டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. சுயேச்சைகளுக்கும் அங்கீகாரம் பெறாத கட்சிகளின் வேட்பாளர்களுக்கும் ஒரு முன்மொழிபவருக்குப் பதிலாகப் பத்துப் பேர் கையெழுத்திட வேண்டும் என்றாயிற்று. மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையில் இருந்தாக வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி 20 நாளிலிருந்து 14 நாளாகச் சுருங்கியது. 2010 முதல் டெபாசிட் 10,000 ரூபாய். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி.

1951இல் 250 ரூபாய் என்பதும் சிறு தொகை அல்ல. விலைவாசியைக் கணக்கிட்டால் இந்த உயர்வு அவ்வளவு பெரிதல்ல என்று வாதிடுவோர் உண்டு. வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் நாளொன்றுக்கு 300 ரூபாய் கூலி பெறும் விவசாயத் தொழிலாளிக்கு 10,000 ரூபாய் என்பது ஒரு மாதத்திற்கு மேற்பட்ட உழைப்பு. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அந்தப் பணம் அரசு கருவூலத்திற்குப் போய்விடும். 1,80,000 வாக்குகள் பதிவான தொகுதியில் 29,000 பேர் நம்பி வாக்களித்த வேட்பாளரும் டெபாசிட் இழந்தவர்தான். கேரளத்தில் தொழிலாளர்களும் மீனவர்களும் மாணவர்களும் காசு திரட்டி, மனுத் தாக்கலுக்கு முன் வேட்பாளரின் கையில் டெபாசிட் தொகையாகக் கொடுக்கும் வழக்கம் இதற்கு மக்கள் தந்த விடை. பத்து முன்மொழிபவர்கள் என்ற விதியோ கேட்பதற்குச் சாதுவானது. ஆனால் நிலமும் வேலையும் ஒரே குடும்பத்தின் கையில் உள்ள ஊரில், அந்தக் குடும்பத்தின் ஆளை எதிர்த்து நிற்கும் ஒரு சுயேச்சைக்காகப் பெயரெழுதிக் கையெழுத்திடும் பத்துப் பேர் மறுநாள் யாருடைய வயலுக்கு வேலைக்குப் போவார்கள்?

சில இடங்களில் விலை உயிராகவே இருந்தது. ஜார்க்கண்டின் பகோதர் தொகுதியிலிருந்து மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் மகேந்திர சிங். 2005 சட்டமன்றத் தேர்தலுக்கு மனுத் தாக்கல் செய்திருந்த நிலையில், ஜனவரி 16 அன்று பிரச்சாரத்தின் போது சுட்டுக் கொல்லப்பட்டார். வந்தவர்கள் யார் மகேந்திர சிங் என்று கேட்டபோது அவர் தயங்காமல் முன்வந்து தம்மை அடையாளம் காட்டிக்கொண்டார் என்று தோழர்கள் இன்றும் சொல்வர். அந்தத் தேர்தலில் பகோதர் மக்கள் அவருடைய மகன் வினோத் சிங்கைத் தேர்ந்தெடுத்தனர்.

ஏழை வேட்பாளருக்கு விதிகள் இவ்வாறு இறுகின. பணம் படைத்தவர்களுக்கு என்ன நடந்தது?

வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. 2022 முதல் பெரிய மாநிலங்களில் சட்டமன்றத் தொகுதி ஒன்றுக்கு 40 லட்சம் ரூபாய். முன் சொன்ன 300 ரூபாய்க் கூலிக்காரர் ஒரு நாள்கூட ஓயாமல், ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் 36 ஆண்டுகள் உழைத்தால் கிடைக்கும் தொகை இது! இந்த வரம்பும் வேட்பாளருக்குத்தான். கட்சிக்கு வரம்பே கிடையாது. இது தற்செயலாக நேர்ந்த விடுபாடு அல்ல. 1974 அக்டோபர் 3 அன்று கன்வர்லால் குப்தா வழக்கில் உச்சநீதிமன்றம், வேட்பாளரின் வெற்றிக்காக அவருக்குத் தெரிந்து கட்சி செய்யும் செலவும் அவருடைய கணக்கில் சேரும் என்று தீர்ப்பளித்தது. அந்த மாதம் முடிவதற்குள் இந்திரா காந்தி அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. கட்சியோ நண்பர்களோ செய்யும் செலவு வேட்பாளரின் செலவாகாது என்ற விளக்கம் 77ஆவது பிரிவில் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த விளக்கம் நீடித்தது. 2003இல் செய்த திருத்தம் கதவைப் பாதி சாத்தியது. ஆயினும் நட்சத்திரப் பேச்சாளர்களின் ஹெலிகாப்டர் செலவு இன்றும் வேட்பாளர் கணக்கில் வராது. மாநிலம் முழுவதும் கட்சியின் பெயரில் ஓடும் தொலைக்காட்சி விளம்பரமும் வராது.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் மறைக்க 2018இல் தேர்தல் பத்திரங்கள் வந்தன. நிறுவனங்களின் நன்கொடைக்கு லாபத்தில் 7.5 சதவீதம் என்றிருந்த வரம்பு அதற்கு முந்தைய ஆண்டே நீக்கப்பட்டிருந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் இரண்டையும் செல்லாதவை ஆக்கியது. அதற்குள் 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்றுத் தீர்ந்திருந்தன. பெற்றவர் எவரும் ஒரு ரூபாயையும் திருப்பித் தரவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் மகாராஷ்டிரத்தின் டஹாணு தொகுதி இருக்கிறது. வார்லி பழங்குடி மக்கள் கொத்தடிமைத்தனத்தை எதிர்த்து 1945இல் கோதாவரி பருலேகர், சாம்ராவ் பருலேகர் தலைமையில் எழுந்து நின்ற மண் அது. 2019 தேர்தலில் அங்கு நின்ற மார்க்சிஸ்ட் வேட்பாளர் வினோத் நிகோலே தம் பிரமாணப் பத்திரத்தில் காட்டிய சொத்து ஏறத்தாழ 51 ஆயிரம் ரூபாய். அப்போது பதவியிலிருந்த பாஜக உறுப்பினரை அவர் 4,707 வாக்குகளில் வென்றார். 2024இலும் அதே தொகுதியில் வென்றார். அந்த வாக்குகள் தேர்தலுக்கு முந்தைய 14 நாட்களில் திரட்டியவை அல்ல. வன உரிமைப் பட்டாவுக்காக அந்த மக்கள் தாலுகா அலுவலகத்தின் முன் உட்கார்ந்த ஆண்டுகளில், 2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து மும்பைக்கு நடந்த நெடும்பயணத்தில் திரண்டவை. ஒவ்வொரு தொகுதியிலும் இப்படி நடக்கும் என்று சொல்வதற்கில்லை. இரும்பு மன உறுதியோடு 16 ஆண்டுகள் உண்ணாநோன்பிருந்த இரோம் ஷர்மிளா 2017இல் மணிப்பூரின் தௌபால் தொகுதியில் பெற்ற வாக்குகள் 90. மக்களின் மதிப்பு வேறு. சாவடிதோறும் நிற்கும் அமைப்பு வேறு.

அரசே தேர்தல் செலவின் ஒரு பகுதியைப் பணமாக அல்லாமல் பொருளாக ஏற்க வேண்டும் என்று கம்யூனிஸ்ட் தலைவர் இந்திரஜித் குப்தா தலைமையிலான குழு 1998இல் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை கிடப்பில் கிடக்கிறது. அது சட்டமாகும்வரை இன்றுள்ள விதிகளின்படிதான் போட்டியிட்டாக வேண்டும் என்பதால், பலரும் கவனிக்காத ஒரு வேலையைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனுத் தாக்கலுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பே தொடங்க வேண்டும். முடிவு வெளியான 30 நாட்களுக்குள், வென்றாலும் தோற்றாலும், செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் மூன்று ஆண்டுகள் தகுதி நீக்கம் செய்யச் சட்டத்தில் இடமுண்டு. கோடிகளைச் செலவிட்டவருக்குக் கணக்குத் தணிக்கையாளர் இருக்கிறார். இந்த வலையில் சிக்குவது, தோற்ற மறுநாள் வேலைக்குத் திரும்பிவிடும் தொழிலாளி வேட்பாளர்தான். ஆகவே கணக்குப் பதிவேட்டை எழுதும் தோழர் யார் என்பதை வேட்பாளரின் பெயரைத் தீர்மானிக்கும் அதே கூட்டத்திலேயே ஒவ்வொரு தொகுதிக் குழுவும் முடிவு செய்துவிட வேண்டும். சுவரெழுத்துச் சாயம் முதல் சாவடி முகவர்களுக்கு வாங்கும் தேநீர் வரை அன்றன்றே எழுதப்பட வேண்டும்.