மானியமும் ஒப்புதலும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவருகிறது. படித்தோர் அனைவர்க்கும் அரசுப் பணி கிட்டுவதில்லை. ஆகவே தொழில் தொடங்குவோர் அரசு மானியத்திற்கு ஒப்புதல் பெறும் முறை குறித்துச் சில கூற விழைகிறோம்.

மானியம் யாரும் இரங்கி இடும் பிச்சையன்று. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரின் கல்வி, பொருளாதார நலன்களைத் தனிக் கவனத்துடன் வளர்க்குமாறு அரசியலமைப்பின் 46ஆவது பிரிவு அரசைப் பணிக்கிறது. அவ்வழியில் தமிழக அரசு 2023ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைத் தொடங்கியது. திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, உச்ச அளவாக ஒன்றரைக் கோடி ரூபாய், மூலதன மானியம் என்றும், கடன் வட்டியில் 6 விழுக்காட்டை அரசே ஏற்கும் என்றும் அது வகுத்தது. 20 லட்சம் ரூபாய்த் தொழிலுக்கு 7 லட்சம் மானியம். எஞ்சிய 13 லட்சம் வங்கிக் கடன்.

ஆனால் அறிவிப்பு வேறு, ஒப்புதல் வேறு. மாவட்டத் தொழில் மையம் விண்ணப்பத்தை ஆராய்ந்து வங்கிக்குப் பரிந்துரைக்கும். வங்கி கடனுக்கு இசைந்தாலன்றி மானியம் கைகூடாது. சாதிச் சான்றிதழ், இயந்திரங்களுக்கான விலைப்புள்ளி, இடத்தின் வாடகை ஒப்பந்தம், வரவு செலவைக் காட்டும் திட்ட அறிக்கை ஆகியவற்றுள் ஒன்று குறைந்தாலும் கோப்பு நின்றுவிடும். அப்பொழுதுதான், "பங்கு கொடு, முடித்துத் தருகிறேன்" என்று இடைத்தரகன் வாயிலில் வந்து நிற்கிறான்.

நம் முன்னோர் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் அளித்த அறிக்கையின் பயனாக 1892ஆம் ஆண்டில் ஆங்கில அரசு நம் மக்களுக்குப் பஞ்சமி நிலம் வழங்க ஆணையிட்டது. பிறர்க்கு விற்கலாகாது என்னும் நிபந்தனை நம்மைக் காக்கவே எழுதப்பட்டது. ஆயினும் அந்நிலங்களுட் பல பிறர் கைக்கு மாறின. ஆணை இருந்தது, படித்துச் சொல்ல நம் தெருவில் ஆள் இல்லை.

இன்று ஆள் உண்டு. ஆகவே விதிகளைப் படிப்போம். பட்டியல் சாதியினரின் கடன் விண்ணப்பத்தைக் கிளை அளவிலேயே தள்ளிவிடலாகாது. மேலிடமே அம்முடிவை எடுக்க வேண்டும். காரணமும் தெளிவாகக் குறிக்கப்பெற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. சிறுதொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணைச்சொத்து கேட்கலாகாது என்று 2010ஆம் ஆண்டிலேயே அவ்வங்கி பணித்தது. எனவே "இல்லை" என்னும் வாய்ச்சொல்லைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அரசு அலுவலகத்தில் கோப்பு நின்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணைநிற்கும்; 30 நாட்களுக்குள் விடையளிப்பது அலுவலரின் கடமை.

உரிமையோடு கடமையும் உண்டு. மானியத்துக்காகவே பெயரளவில் கடை திறந்து மூடுவோர், அடுத்து வரும் நம் பிள்ளையின் விண்ணப்பத்தை ஐயத்துக்கு உள்ளாக்குகின்றனர். தொழிலை நடத்துக, கணக்கை எழுதுக, தவணையைத் தவறாது செலுத்துக.

இனி நம் சங்கம் ஆண்டுதோறும் திட்ட அறிக்கை எழுதும் பயிற்சி நடத்த வேண்டும். படித்தவர் ஒருவர் விண்ணப்பதாரருடன் அலுவலகத்துக்கு உடன் செல்ல வேண்டும். நம் எழுத்தறிவு நம் வீட்டோடு நின்றுவிடாமல் தெருவுக்கெல்லாம் பயன்படுவதே இவ்வெள்ளி விழாவுக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.