மச்சையின் மத்தியஸ்தர்

பதுளை வைத்தியசாலையில் தலசீமியாப் பிள்ளைகளுக்குச் சில வாரங்களுக்கொருமுறை குருதி ஏற்றுகிறார்கள். பசறைத் தோட்டத்து லயமொன்றில் அந்நோயோடு ஒரு பிள்ளை பிறந்தால், ஒவ்வொரு முறையும் பெற்றோரின் நாட்கூலி போய்விடும். நோயை வேரோடு நீக்கவல்லது என்புமச்சை மாற்றீடு. உடன்பிறந்தார் ஒருவரின் மச்சை பொருந்தும் வாய்ப்போ நான்கில் ஒன்றுதான்.

பொருந்தினாலும் ஆபத்து உண்டு. குருதியை உண்டாக்கும் மூலக்கலங்களோடு கொடையாளியின் நோயெதிர்ப்புக் கலங்களும் வந்து சேர்கின்றன. அவை புதிய உடலை அந்நியமெனக் கருதித் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கக்கூடும். விருந்துக்கு வந்தவர் வீட்டையே இடிப்பது போல!

மச்சையில் வேறொரு வகை மூலக்கலமும் உண்டு; என்பையும் கொழுப்பையும் ஆக்குவது. மத்தியஸ்தர் அதுவே. வியப்பு யாதெனில், அமைதியில் அது வாளாவிருக்கும். எதிர்ப்புக் கலங்கள் சீற்றத்தில் சுரக்கும் இன்டர்பெரோன் காமாவே அதனைத் தட்டியெழுப்பும். எழுந்ததும், அக்கலங்கள் பெருகுவதற்கு வேண்டிய திரிப்தோபன் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்கும். சீற்றத்தை அடக்கும் கலங்களையும் பெருக்கும்.

வெண்குருதிப் புற்றுநோய்க்காக மச்சை மாற்றப்பெற்று, இத்தாக்குதலால் உயிருக்குப் போராடிய 9 வயதுச் சிறுவன் ஒருவன் தேறியதைச் சுவீடன் வைத்தியர்கள் 2004இல் அறிவித்தனர். எல்லா நோயாளருக்கும் இம்முறை பலித்ததில்லை. அச்சிறுவனுக்கு ஏற்றியவை தாயின் மச்சையிலிருந்து வளர்த்த கலங்கள், பாதியளவே பொருந்தியவை.